கணினி சொன்னது 38 ஹெர்ட்ஸ், பெட்டி கொடுத்தது 45: வீட்டில் செய்த ஸ்பீக்கரின் பேஸை அளப்பது எப்படி

ஆடி மாதம் கூழ் ஊற்றும் தெருவில் நின்று நெஞ்சு அதிரக் கேட்ட பேஸ், வீட்டில் நாமே பெட்டி செய்து வூஃபர் (தாழ்ந்த சத்தமான பேஸை எழுப்பும் பெரிய ஸ்பீக்கர்) மாட்டினால் வருவதில்லை. வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் சொந்தமாகப் பெட்டி செய்கிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான் (அதில் வரும் வின்ஐஎஸ்டி, பெட்டியின் பேஸ் எதுவரை போகும் என்று கணக்குப் போட்டுக் கோடாக வரையும் மென்பொருள்). "வின்ஐஎஸ்டி-ல போட்டுப் பார்த்தேன், 38 ஹெர்ட்ஸ் வரைக்கும் கோடு நேரா போகுது. பெட்டி செஞ்சு ஹால்ல வெச்சா கும்முனு ஒரு சத்தம் மட்டும் வருது, அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. எங்க தப்பு?"

வூஃபரை மாற்று, ஆம்ப்பை மாற்று, இன்னும் நூறு வாட் போடு என்று ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். காசு செலவாகும், குறை அப்படியே இருக்கும். காதுக்கு வந்து சேரும் பேஸ் மூன்று இடங்களில் உருவாகிறது: வூஃபர், பெட்டி, அறை. மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டு எதில் குறை என்று காதால் கண்டுபிடிக்க முடியாது, நல்ல காது உள்ளவருக்கும் இதே கதைதான். ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்து அளக்க வழி இருக்கிறது, அதற்குப் பெரிய செலவும் இல்லை.

பேஸ் என்றால் காற்றைத் தள்ளும் வேலை

ஒரு நொடிக்கு எத்தனை முறை கோன் (வூஃபரின் முன்னால் தெரியும் கூம்பு) முன்னும் பின்னும் போகிறதோ அதுதான் ஹெர்ட்ஸ். பேஸ் கிடாரின் மிகத் தடித்த தந்தி, சாதாரண ஸ்ருதியில், 41.2 ஹெர்ட்ஸ். இப்போது ஒரு கணக்கு. தரையில் வைத்த 8 இன்ச் வூஃபர் (கோனின் பரப்பு சுமார் 215 சதுர சென்டிமீட்டர்) 1 மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் (சத்தத்தின் அளவு) கொடுக்க வேண்டும் என்றால், 76 ஹெர்ட்ஸில் கோன் இரு பக்கமும் 3 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். அதே சத்தம் 38 ஹெர்ட்ஸில் வேண்டும் என்றால் 12 மில்லிமீட்டர் நகர வேண்டும். அதிர்வெண் பாதியானால் நகர்வு நான்கு மடங்கு. சாதாரண 8 இன்ச் வூஃபர் ஒழுங்காக நகரக்கூடியது ஒரு பக்கத்துக்கு 4, 5 மில்லிமீட்டர்தான், அதற்கு மேல் போனால் காயில் (கோனோடு ஒட்டிய கம்பிச் சுருள்) காந்தப்புலத்தை விட்டு வெளியே வந்துவிடும்.

பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் வாட் எண் இந்தக் கணக்கை மாற்றாது. வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல்தான், அதுவும் கோனுக்கு நகர இடம் இருந்தால். பி.எம்.பி.ஓ. (விளம்பரத்துக்காகச் சொல்லும் உச்ச வாட்) என்று ஆயிரக்கணக்கில் அச்சடித்திருக்கும் எண்ணைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

வூஃபரின் மூன்று எண்கள்

1961-ல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்ற பொறியாளர், ஸ்பீக்கரும் பெட்டியும் சேர்ந்து ஒரு மின்சார ஃபில்டர் (சில அதிர்வெண்களை விட்டு மற்றவற்றை அடக்கும் சர்க்யூட்) மாதிரிதான் வேலை செய்கிறது, ஃபில்டருக்குப் போடும் கணக்கையே இதற்கும் போடலாம் என்று காட்டினார். அங்கேயே ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் அதை விரிவாக்கினார். வூஃபரின் விவரத் தாளில் வரும் தீல்-ஸ்மால் எண்கள் இவர்கள் பெயரில்தான். பேஸுக்கு அதில் மூன்று முக்கியம்:

1. எஃப்எஸ்: வெறும் வூஃபர், பெட்டி இல்லாமல், தானாக ஆட விரும்பும் அதிர்வெண். ஊஞ்சலுக்கு ஒரு இயல்பான வேகம் இருக்கிற மாதிரி.

2. க்யூடிஎஸ்: அந்த ஆட்டத்தை வூஃபரின் காந்தமும் சஸ்பென்ஷனும் (கோனைப் பிடித்திருக்கும் மீள் வளையங்கள்) எவ்வளவு அடக்குகின்றன என்பது. எண் சிறிதானால் அடக்கம் அதிகம். பெரிய காந்தம் போட்ட வூஃபரில் இது பொதுவாகக் குறைவு.

3. விஏஎஸ்: வூஃபரின் சஸ்பென்ஷன் எவ்வளவு இளக்கமோ, அதே இளக்கம் உள்ள காற்று எத்தனை லிட்டர் என்ற அளவு. பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்தான், சின்னப் பெட்டி என்றால் இறுக்கமான ஸ்பிரிங். அதனால்தான் சஸ்பென்ஷனை லிட்டரில் சொல்கிறார்கள்.

கட்டுரை முழுக்க ஒரே உதாரண வூஃபரை வைத்துக்கொள்வோம்: எஃப்எஸ் 38 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.40, விஏஎஸ் 60 லிட்டர்.

மூடிய பெட்டி: பெரிசு பண்ணினால் பேஸ் கூடுமா?

மூடிய பெட்டிக்கு ஒரே கணக்குதான், கால்குலேட்டரே போதும். விஏஎஸ்-ஐப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். வரும் எண்ணால் எஃப்எஸ்-ஐயும் க்யூடிஎஸ்-ஐயும் பெருக்குங்கள். முதலாவது பெட்டியோடு சேர்ந்த புது அதிர்வெண், இரண்டாவது பெட்டியோடு சேர்ந்த புது க்யூ. அந்த க்யூ 0.707 வந்தால் கோடு மேடு இல்லாமல் போய் இறங்கும்.

நம் வூஃபருக்கு மூன்று பெட்டிகள்:

1. 10 லிட்டர்: அதிர்வெண் 100-க்கு ஏறிவிடும், க்யூ 1.06. 135 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒன்றரை டெசிபல் மேடு, 40 ஹெர்ட்ஸில் 15 டெசிபல் பள்ளம். ஹாலில் கேட்கும் அந்தக் "கும்மு" இந்த மாதிரி மேட்டில் பிறப்பதுதான், உண்மையான ஆழம் அதில் கிடையாது.

2. 28 லிட்டர்: அதிர்வெண் 67, க்யூ 0.707. 40 ஹெர்ட்ஸில் 9.5 டெசிபல் குறைவு.

3. 56 லிட்டர்: அதிர்வெண் 55, க்யூ 0.58. 40 ஹெர்ட்ஸில் 8 டெசிபல் குறைவு.

28-லிருந்து 56-க்குப் போனதில் என்ன கிடைத்தது என்று பாருங்கள். மரம், எடை, ஹாலில் அடைக்கும் இடம் எல்லாம் கூடியது, 40 ஹெர்ட்ஸில் கிடைத்தது வெறும் ஒன்றரை டெசிபல். 70 ஹெர்ட்ஸ் பக்கம் சத்தம் கொஞ்சம் குறைந்தே போயிருக்கும். பெட்டி எவ்வளவு பெரிசோ அவ்வளவு பேஸ் என்ற நம்பிக்கை ஒரு எல்லை வரைக்கும்தான் சரி, அந்த எல்லையை வூஃபரின் க்யூடிஎஸ்-ஸும் விஏஎஸ்-ஸும் தீர்மானிக்கின்றன.

பைப் வைத்த பெட்டி

அதே 56 லிட்டர் பெட்டியில் ஒரு பிவிசி பைப் வைத்தால் கதை மாறுகிறது. பைப்புக்குள் இருக்கும் காற்று ஒரு எடை, பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங். இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் பலமாக ஆடும், காலி பாட்டில் வாயில் ஊதினால் வருகிற சத்தம் மாதிரி. இதைத்தான் பெட்டியின் ட்யூனிங் என்கிறோம். நம் வூஃபருக்கு 56 லிட்டர், 38 ஹெர்ட்ஸ் ட்யூனிங் வைத்தால் கோடு ஏறக்குறைய 38, 39 ஹெர்ட்ஸ் வரை போய் அங்கேதான் 3 டெசிபல் இறங்கும். மூடிய பெட்டியோடு ஒப்பிட்டால் 40 ஹெர்ட்ஸில் 5 டெசிபலுக்கு மேல் லாபம், அதே வூஃபர், அதே ஆம்ப்.

ட்யூனிங் புள்ளியில் கோன் கிட்டத்தட்ட நிற்கும், சத்தம் முழுக்கப் பைப் வழியாக வரும். அதனால் பைப்பின் விட்டம் முக்கியம். மேலே சொன்ன 100 டெசிபல் கணக்கை 38 ஹெர்ட்ஸில் பைப்புக்குப் போட்டால்:

1. உள்விட்டம் 70 மில்லிமீட்டர் உள்ள பைப் (கடையில் 75 என்று கேட்பது): நீளம் 9 சென்டிமீட்டர் போதும், ஆனால் காற்று நொடிக்கு 16 மீட்டர் வேகத்தில் ஓடும். 17 மீட்டர் பக்கம் போனாலே பைப் "புஸ் புஸ்" என்று மூச்சு விட ஆரம்பிக்கும்.

2. உள்விட்டம் 104 மில்லிமீட்டர் உள்ள பைப் (கடையில் 110): காற்றின் வேகம் 7 மீட்டர்தான், சத்தமே வராது. ஆனால் நீளம் 24 சென்டிமீட்டர் வேண்டும்.

பெட்டியில் இடம் இருந்தால் இரண்டாவதுதான் சரி. பலரும் நீளம் குறைவாக வருகிறதே என்று சின்ன பைப்பைப் போட்டு, சத்தத்தைக் கூட்டியதும் வரும் இரைச்சலுக்கு வூஃபரைக் குறை சொல்கிறார்கள்.

பைப் பெட்டியில் ஒரு ஆபத்து இருக்கிறது. ட்யூனிங்குக்குக் கீழே போனால் பெட்டியின் காற்று கோனைப் பிடித்து நிறுத்தாது, வூஃபர் வெட்டவெளியில் தொங்குகிற மாதிரி ஆடும், சத்தமும் ஒரு ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 24 டெசிபல் வேகத்தில் இறங்கும் (மூடிய பெட்டியில் 12 தான்). அந்த இடத்தில் டோன் கன்ட்ரோலில் பேஸை முழுக்கத் திருகினால் சத்தம் கூடாது, கோன் மட்டும் கிழியும். சப்சோனிக் ஃபில்டர் (மிகக் கீழ் அதிர்வெண்களை வெட்டுவது) உள்ள ஆம்ப் என்றால் அதை ட்யூனிங்குக்குச் சற்றுக் கீழே வையுங்கள்.

கணினிக்குத் தெரியாத விஷயங்கள்

வின்ஐஎஸ்டி, விட்டுயிக்ஸ்கேட், ஹார்ன்ரெஸ்ப் எல்லாமே இலவசம், எல்லாமே மேலே சொன்ன கணக்கைத்தான் இன்னும் விரிவாகப் போடுகின்றன. கணக்கில் தப்பு வருவதில்லை. நாம் கொடுத்த எண்ணும் செய்த பெட்டியும் ஒன்றா என்பதுதான் அவற்றுக்குத் தெரியாது.

பெட்டியின் கசிவை எடுத்துக்கொள்ளுங்கள். வின்ஐஎஸ்டி இதற்கு க்யூஎல் என்ற எண்ணை 10 என்று தானாக வைத்துக்கொள்ளும். வீட்டில் செய்த பெட்டிக்கு 7 என்று வைத்தால் உண்மைக்குப் பக்கத்தில் வரும். அப்புறம் வயர், கிராஸ்ஓவர் (சத்தத்தை வூஃபருக்கும் மற்ற ஸ்பீக்கருக்கும் பிரிக்கும் சர்க்யூட்) காயில் இவற்றின் தடை: 6 ஓம் காயில் உள்ள வூஃபருக்கு முன்னால் அரை ஓம் சேர்ந்தாலே க்யூடிஎஸ் 0.40-லிருந்து 0.43-க்குப் பக்கத்தில் ஏறிவிடும். நீளமான மெல்லிய வயர் போடாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வெயிலும் உண்டு. சத்தத்தின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், வேலூர் சித்திரை வெயிலில் 40 டிகிரியில் 355. ட்யூனிங் இதே விகிதத்தில் ஏறும், 38 என்பது 39.3 ஆகும். காதுக்கு இது தெரியாது. ஆனால் அளந்து பார்த்து ஒரு ஹெர்ட்ஸ் அதிகம் வந்துவிட்டதே என்று பைப்பில் கை வைக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை ஆசாரியிடம் அளவு சொல்லும்போது நடக்கிறது. நம் 56 லிட்டர் பெட்டிக்கு வூஃபர் அடைக்கும் இடம் ஒன்றரை லிட்டர், பைப் இரண்டரை, குறுக்குக் கட்டை ஒன்று, ஆக மொத்தம் 61 லிட்டர் வேண்டும். உள்ளளவாக 38, 32, 50 சென்டிமீட்டர் வைத்தால் 60.8 லிட்டர், சரியாக வருகிறது. ஒரு துண்டுத் தாளில் "38 x 32 x 50" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், ஆசாரி அதை வெளியளவாகத்தான் எடுப்பார். அலமாரி, கட்டில் எல்லாம் வெளியளவில்தானே வெட்டுகிறார்கள், அவர் மேல் தப்பில்லை. 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் இரண்டு பக்கமும் சேர்த்து 3.6 சென்டிமீட்டர் போய்விட்டால் உள்ளே மிஞ்சுவது 34.4, 28.4, 46.4. பெருக்கினால் 45 லிட்டர். அடைக்கும் 5 லிட்டரையும் கழித்தால் 40. தாளில் "உள்ளளவு" என்ற ஒரு வார்த்தை இல்லாததால் 16 லிட்டர் போனது.

வெளியிலிருந்து பார்த்தால் பெட்டி அழகாகவே இருக்கும். இதைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அடுத்து வரும் அளவுதான்.

முதல் அளவு: இம்பீடன்ஸ்

இம்பீடன்ஸ் என்பது ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் வூஃபர் மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பு. 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் அது எல்லா இடத்திலும் 8 இல்லை. கோன் நன்றாக ஆடும் இடத்தில் 40, 50 ஓம் வரை ஏறும், கோன் நிற்கும் இடத்தில் 6, 7-க்கு இறங்கும். அதாவது கோன் என்ன செய்கிறது என்பதை வயர் வழியாகவே பார்த்துவிடலாம். மைக் வேண்டாம், அறை எப்படி இருந்தாலும் அளவு கெடாது. வீட்டில் செய்யக்கூடிய அளவுகளில் இதைவிட நம்பகமானது இல்லை என்பது என் கருத்து. மைக் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

தேவை: ஆம்ப், 10 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் (வெள்ளையாக, செங்கல் மாதிரி இருக்கும்), ஏசி 2 வோல்ட் ரேஞ்ச் உள்ள மல்ட்டிமீட்டர், போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப். மலிவான சின்ன மஞ்சள் மீட்டர்களில் ஏசிக்கு 200, 750 என்ற இரண்டு ரேஞ்ச்தான் இருக்கும், அது 0.1 வோல்ட்டுக்குக் கீழே பிரித்துக் காட்டாது. இந்த வேலைக்கு அது உதவாது.

1. ஆம்ப்பின் ஒரு முனையிலிருந்து ரெசிஸ்டர், அதிலிருந்து வூஃபர், அங்கிருந்து ஆம்ப்பின் மறு முனை. ஒரே வரிசை.

2. டோனை 20 ஹெர்ட்ஸில் வைத்து வால்யூமைக் குறைவாகவே வையுங்கள். வூஃபர் முனைகளில் அரை வோல்ட் இருந்தால் போதும்.

3. வூஃபர் மேல் எத்தனை வோல்ட், ரெசிஸ்டர் மேல் எத்தனை வோல்ட் என்று இரண்டையும் எழுதுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்து 10-ஆல் பெருக்கினால் ஓம். வூஃபரில் 0.62, ரெசிஸ்டரில் 0.95 என்றால் 6.5 ஓம்.

4. 120 வரை ஐந்தைந்தாக ஏறுங்கள். எண் திரும்பும் இடத்தில் மட்டும் ஒவ்வொரு ஹெர்ட்ஸாகப் போங்கள்.

கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து இணைத்தால், மூடிய பெட்டிக்கு ஒரே மலை வரும், அதன் உச்சிதான் பெட்டியோடு சேர்ந்த அதிர்வெண். பைப் பெட்டிக்கு இரண்டு மலை, நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கின் அடி ஏறக்குறைய ட்யூனிங். அரை மணி நேர வேலை. கணினியும் சவுண்ட் கார்டும் இருந்தால் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள் இதையே சில நொடிகளில் வரையும், ஆனால் ஒரு எச்சரிக்கை: இப்போது பரவலாகக் கிடைக்கும் கிளாஸ் டி ஆம்ப் போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் சிக்னல் இருக்கும், மைனஸ் என்பது கிரவுண்ட் இல்லை. அதைச் சவுண்ட் கார்டின் கிரவுண்டோடு இணைத்தால் போர்டு போய்விடும். மீட்டர் முறையில் இந்தத் தொல்லை இல்லை.

சரி, நம் பெட்டிக்கு வருவோம். 38-ல் இருக்க வேண்டிய பள்ளத்தாக்கு 45-ல் இருக்கிறது என்று வையுங்கள். 45-ஐ 38-ஆல் வகுத்தால் 1.18, அதன் வர்க்கம் 1.4. பைப் சரியான அளவில் வெட்டியது என்று உறுதியாகத் தெரிந்தால், 56 லிட்டரை 1.4-ஆல் வகுங்கள்: 40 லிட்டர். பெட்டியைத் திறக்காமலே, டேப் வைக்காமலே, உள்ளே எத்தனை லிட்டர் இருக்கிறது என்று மீட்டர் சொல்லிவிட்டது. 41 ஹெர்ட்ஸ் பேஸ் கிடார் தந்தி ஏன் காணாமல் போனது என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது, அது ட்யூனிங்குக்குக் கீழே போய்விட்டது.

இதைத் திருத்த 104 மில்லிமீட்டர் பைப்பை 36 சென்டிமீட்டருக்கு நீட்ட வேண்டும், ஆனால் பெட்டியின் உள் ஆழமே 34.4 தான். எல்போ போட்டு வளைக்கலாம், பைப்பின் உள் வாய்க்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விட்டம் அளவாவது இடைவெளி விட்டு. சின்ன பைப்புக்கு மாறினால் 15 சென்டிமீட்டரில் முடிந்துவிடும், பதிலுக்கு அந்த மூச்சு இரைச்சல் வரும். எப்படிச் செய்தாலும் 40 லிட்டர் பெட்டி 56 லிட்டர் பெட்டி போன ஆழத்துக்கு அதே சத்தத்தோடு போகாது. இடம் இருந்தால் புதுப் பெட்டி செய்வதுதான் நல்லது.

பள்ளத்தாக்கு ஆழம் இல்லாமல் மழுங்கலாக, இரண்டு மலையும் குட்டையாக இருந்தால் கசிவைச் சந்தேகப்படுங்கள். 25 ஹெர்ட்ஸ் டோனை மெதுவாக ஓடவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு ஊதுபத்தியை ஏற்றி மூட்டு ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். கசிவு இல்லாத இடத்தில் புகை நூல் மாதிரி நேராக எழும். கசியும் இடத்துக்கு வந்ததும் நூல் நடுங்கிக் கலைந்துவிடும். பின் பக்க டெர்மினல் துளை, வூஃபர் விளிம்பின் அடி, இந்த இரண்டில்தான் பெரும்பாலும் மாட்டும். மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்துப் பூசினால் மர மூட்டு அடைபடும், வூஃபர் விளிம்புக்கு ஃபோம் டேப்.

தாள் இல்லாத வூஃபர்

பழைய ஹோம் தியேட்டரிலிருந்து கழற்றியதற்கும் பேர் தெரியாத வூஃபருக்கும் எண்கள் கிடைக்காது. அதே மீட்டர், அதே ரெசிஸ்டர் போதும். வூஃபரைப் பெட்டி இல்லாமல் கையில் பிடித்தோ கட்டித் தொங்கவிட்டோ அளந்தால் ஒரே மலை வரும், உச்சி எஃப்எஸ். காயிலின் டிசி தடை 6 ஓம், மலை உச்சி 54 ஓம் என்று வையுங்கள். விகிதம் 9, அதன் வர்க்கமூலம் 3. 6-ஐ 3-ஆல் பெருக்கினால் 18 ஓம். மலையின் இரு சரிவிலும் 18 ஓம் வரும் அதிர்வெண்களைத் தேடுங்கள். 25, 57 என்று கிடைத்தால், 38-ஐ 3-ஆல் பெருக்கி, அந்த இரண்டின் வித்தியாசமான 32-ஆல் வகுங்கள்: 3.56. இதை 9-ஆல் வகுத்தால் 0.396, அதுதான் க்யூடிஎஸ். சரிபார்க்க ஒரு வழி: 25-ஐயும் 57-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எஃப்எஸ் பக்கத்தில் வர வேண்டும், இங்கே 37.7 வருகிறது.

விஏஎஸ்-க்கு, லிட்டர் தெரிந்த ஒரு மூடிய பெட்டியில் மாட்டி மறுபடி உச்சியைப் பாருங்கள். புது உச்சியை எஃப்எஸ்-ஆல் வகுத்து, வர்க்கம் எடுத்து, 1 கழித்து, பெட்டியின் லிட்டரால் பெருக்கினால் தோராயமான விஏஎஸ். புது வூஃபர் என்றால் அளப்பதற்கு முன்னால் சில மணி நேரம் ஓடவிடுங்கள், சஸ்பென்ஷன் இளகி எஃப்எஸ் கொஞ்சம் இறங்கும்.

இரண்டாவது அளவு: மைக்கை ஒட்டி வைப்பது

இப்போதுதான் மைக். போன் மைக் இதற்கு வேண்டாம். பல போன்களில் பேச்சுக்காகக் கீழ் அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டரும், சத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும் அமைப்பும் இருக்கும், வரும் கோடு போனுடையதா பெட்டியுடையதா என்று தெரியாது. யூமிக்-1 மாதிரி, திருத்தக் கோப்போடு வரும் யூஎஸ்பி அளவு மைக் ஒன்று நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்கினாலும் போதும்.

அறைக்குள் 1 மீட்டரில் மைக் வைத்து பேஸை அளக்க முடியாது. 20 ஹெர்ட்ஸ் வரை பிரித்துப் பார்க்க 50 மில்லிசெகண்ட் நேரம், சுவர் எதிரொலி வராமல் கிடைக்க வேண்டும். அதற்குள் சத்தம் 17 மீட்டர் போய்விடும். பத்தடி அறையில் அது நடக்காது. 1974-ல் அமெரிக்கப் பொறியாளர் டான் கீலே ஒரு வழி சொன்னார்: மைக்கைக் கோனுக்கு ஒட்டி வைத்துவிடுங்கள். அவ்வளவு பக்கத்தில் கோனின் சத்தம் சுவரிலிருந்து திரும்புவதைவிடப் பல மடங்கு அதிகம், அறை கணக்கிலேயே வராது.

1. கோனின் நடு மூடிக்கு நேராக, 9 மில்லிமீட்டருக்குள் மைக். 8 இன்ச்சுக்கு இது 600 ஹெர்ட்ஸ் வரை நம்பலாம்.

2. பைப் பெட்டி என்றால் கோனின் கோட்டில் ஒரு கூர்மையான பள்ளம் தெரியும். அதுதான் ட்யூனிங். இம்பீடன்ஸில் வந்த எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

3. பைப்பின் வாய் மட்டத்தில் மைக்கை வைத்து, வால்யூமை மாற்றாமல், இன்னொரு அளவு.

4. பைப் கோன் அளவு பெரிதில்லை, அதனால் அதன் கோட்டை இறக்க வேண்டும்: 104 மில்லிமீட்டருக்கு 4 டெசிபல், 70 மில்லிமீட்டருக்கு 7.5 டெசிபல். பிறகு இரண்டையும் ஃபேஸோடு (அலைகளின் ஏற்ற இறக்க நேரத்தோடு) சேர்த்துக் கூட்டுங்கள், ரூம் ஈக்யூ விசார்ட்டே கூட்டித்தரும்.

இப்படி வந்த கோட்டையும் கணினி போட்ட கோட்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். சரியான லிட்டரையும் ட்யூனிங்கையும் கொடுத்திருந்தால் இரண்டும் அநேகமாக ஒட்டிக்கொண்டு ஓடும். ஒட்டினால் வூஃபரும் பெட்டியும் முடிந்தது, இனி அங்கே தேட ஒன்றும் இல்லை.

அறை

நம் ஊர் வீடுகளில் 10-க்கு 10 அறை சாதாரணம், கூரையும் பத்தடி. செங்கல் சுவர், கான்கிரீட் தளம், ரெண்டும் பேஸை விழுங்குவதில்லை, திருப்பி அனுப்புகின்றன. எதிரெதிர் சுவர்களுக்கு நடுவில் சத்தம் நின்று ஆடும் முதல் அதிர்வெண், சத்தத்தின் வேகத்தைத் தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். பத்தடிக்கு 57 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி என்றால் மூன்றும் ஒரே 57-ல் வந்து குவியும். சுவரோரம் உட்கார்ந்தால் அந்த ஒரு சுரம் மட்டும் அடித்து நொறுக்கும், அறையின் நடுவில் நாற்காலி போட்டால் அதே சுரம் காணாமல் போகும். பெட்டியில் எந்தக் குறையும் இல்லாமலே இரண்டும் நடக்கும். 12-க்கு 10 அறை கொஞ்சம் தேவலை, 47, 57 என்று பிரிந்து வரும்.

அறையை அளக்க மைக்கை நீங்கள் உட்காரும் இடத்தில், காது உயரத்தில் வையுங்கள். பெட்டியைச் சுவரின் நடுவில், மூலையில், கால் பங்குத் தூரத்தில் என்று மாற்றி வைத்து ஒவ்வொரு முறையும் ஒரு கோடு எடுங்கள். மைக் இல்லையென்றால் தலைகீழாகச் செய்யலாம்: பெட்டியை உங்கள் நாற்காலியில் ஏற்றி வைத்து, பேஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வையுங்கள்.

ஈக்வலைசர் (அதிர்வெண் வாரியாகச் சத்தத்தை ஏற்றி இறக்குவது) அதற்கு அப்புறம்தான். அறை உண்டாக்கிய மேட்டை அதால் வெட்டலாம், நன்றாகவே வேலை செய்யும். அறை உண்டாக்கிய பள்ளத்தை அதால் நிரப்ப முடியாது: 6 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்பிடம் நான்கு மடங்கு வாட் கேட்கிறீர்கள், சுவரிலிருந்து திரும்பி வந்து அழிக்கும் அலையும் அதே 6 டெசிபல் ஏறிவிடும், பள்ளம் இருந்த இடத்திலேயே இருக்கும். நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளினால் அது நிரம்பும்.